வலது பக்கத்துப் பதக்கம்

போர்ப் பதக்கம் என்றதும் என்னவோ தங்கக்கட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்குப் போன அத்தனை பேருக்கும், போய்த் திரும்பாதவர்கள் வீட்டுக்கும், ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்த வெண்கல வட்டம், அவ்வளவுதான். அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு படையிலிருந்து வந்தபின் வங்கி வாசலில் காவல் நின்று, மகளைக் கட்டிக்கொடுத்து, வாயைத் திறக்காமலே வயதாகிப்போன மனிதர் அவர். மனைவியும் பேச்சுக்கொடுத்துப் பார்த்து அலுத்துவிட்டாள்.

வருடத்தில் ஒரு நாள், அந்தச் சண்டையின் நினைவு நாளுக்கு மட்டும் பதக்கம் வெளியே வரும். தானேதான் குத்திக்கொள்வார். அதுவும் வலது நெஞ்சில். கூட இருந்த பழைய சிப்பாய்கள் கேலி செய்து ஓய்ந்துபோய் 'வலப்பக்கத்தார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இடது பக்கம் சட்டைப்பை இடிக்கிறது போலும் என்று மனைவி விட்டுவிட்டாள்.

இந்த வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பதக்கத்தை அவளிடம் நீட்டினார். அவள் ஊர் உலகத்தைப் போல இடது பக்கம் குத்தினாள்.

"அங்க வேண்டாம். வலது பக்கம் மாத்திடு."

ஏன் என்று அவள் விடாமல் கேட்டாள். படைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பாதித்தவன் இடது நெஞ்சில் குத்துவான். செத்தவனுக்காக அவன் வீட்டார் குத்தினால் வலது நெஞ்சு. குழறிய நாக்கால் அதைச் சொல்லி முடித்தார்.

அவள் தம்பி அதே சண்டையில் செத்தவன். இத்தனை வருடமும் என் தம்பிக்காகவா என்று கேட்டாள். கல்லுளிமங்கன் என்று திட்டியதற்கெல்லாம் சேர்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அதோடு விட்டிருந்தால் நல்ல பேரோடு போய்ச் சேர்ந்திருப்பார். அந்த அழுகையை அவரால் தாங்க முடியவில்லை.

தம்பிக்குத் திக்குவாய். பதற்றம் வந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். ஆளெடுப்பில் அது தெரியாதபடி பழக்கி, தன் பிரிவிலேயே சேர்த்துவிட்டது இவர்தான். தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று அவரை நச்சரித்தது அவள்.

"விடியற நேரம். நான் காவல்ல இருந்தேன். கீழேருந்து ஒரு ஆள் ஏறி வந்தான். அடையாளச் சொல் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். பதில் வரல."

அவள் கையை விடவில்லை. யார் என்று கேட்கவும் இல்லை.

"திக்குற சத்தம் காதுல விழுந்துது. விழுந்தும் சுட்டுட்டேன். பயம். எதிரி சுட்டான்னு மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன்."

அவள் மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டாள். மகனை நினைத்து நினைத்தே செத்துப்போன அவள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியவர் இவர். அது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மாத்திடு," என்றார் மறுபடியும், கெஞ்சலாக.

அவள் குனிந்து, கோணலாக இருந்த பதக்கத்தை இடது நெஞ்சிலேயே நேராக்கினாள்.

"அவனோடது அம்மா பெட்டியில இருக்கு. அவனுக்கு அது போதும். இது நீங்க சம்பாதிச்சது."

வாசலில் வண்டி வந்து நின்றது. அவர் இடது கையால் ஊக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒற்றைக் கையால் அதைக் கழற்ற முடியாது. அவள் அவரைத் தூக்கி நிறுத்தி, செருப்பை மாட்டிவிட்டு, நினைவு நாளுக்கு அனுப்பிவைத்தாள்.