சிவப்புப் புழுவும் அக்காவின் தாராளமும்

என் அக்காவுக்கு அளவு என்ற ஒன்றே கிடையாது. சோறு வைத்தால் தட்டின் விளிம்பைத் தாண்டும். காபியில் அவள் போடும் சர்க்கரைக்கு டாக்டர்கள் கண்ணீர் விடுவார்கள். ‘போதும்’ என்று நாம் சொன்னால், மரியாதைக்குச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பாள். அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் என்னை வளர்த்தவள் அவள்தான். தம்பிக்கு ஏதாவது குறைந்துவிடுமோ என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தூக்குவாளியோடு விளாங்குடியில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள்.

நான் ஒரு மிஷன் கல்லூரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலமெல்லாம் என் ஆராய்ச்சி புழுக்களைப் பற்றித்தான். கோடையில் பேரையூர்ப் பக்கம் போவேன். அங்கே கண்மாய்கள் வற்றி, நடுவில் குட்டையாகச் சுருங்கிக் கிடக்கும். தண்ணீரில் கை வைத்தால் சுடும். உப்புக் கரிக்கும். அடிச்சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். அந்தச் சேற்றை அள்ளி அலசினால் சின்னச் சின்னச் சிவப்புப் புழுக்கள் நெளியும். மழைக்குப் பிறகு நம் வீட்டு ட்யூப்லைட்டில் மொய்த்து, கொசு என்று தவறாக அடி வாங்கிச் சாகிறதே, கடிக்கவே தெரியாத ஒரு பூச்சி, அதன் பிள்ளைகள் இவை.

அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் உறவுதான். ஆனால் நம்முடையதைவிட இறுகப் பிடிக்கும். புழு சேற்றில் ஒரு குழாய் கட்டிக்கொண்டு, உடம்பை அலை அலையாக ஆட்டித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதில் கிடைக்கும் கொஞ்சம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் அறவே இல்லாதபோதுதான் செலவழிக்கும். அதுவும் தீர்ந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்து வைத்த சத்தைக் காற்றில்லாமலே உடைத்து, அசையாமல் கிடந்து காலம் தள்ளும். எனக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஒருமுறை பாவம் பார்த்து, கல்லூரியில் நான் புழு வளர்த்த தொட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் மீன்தொட்டிப் பம்பு வைத்துக் காற்றை அள்ளிக் கொடுத்தேன். அந்தத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்ந்தவை வெளிறிப்போய் இருந்தன. அவற்றுக்குச் சிவப்பே தேவைப்படவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு என் நுரையீரல் கோடைக் கண்மாய் ஆகிவிட்டது. வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் வந்தது. அதில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு ஒன்று மிதக்கும். திருகைத் திருப்பினால் மேலே ஏறும். டாக்டர் அதைக் கீழேயே நிறுத்தி வைத்தார்.

“இதுக்கு மேல கூட்டாதீங்க சார். உங்க உடம்பு கொறஞ்ச ஆக்சிஜனுக்குப் பழகிருச்சு. அள்ளிக் குடுத்தா உள்ள கரியமில வாயு தேங்கி மயக்கத்துல கொண்டுபோய் விட்டுரும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. புழுத்தொட்டி என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, அக்கா வந்தபோது நான் நாற்காலியிலேயே கண் அயர்ந்திருந்தேன். நெஞ்சு ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு குண்டைப் பார்த்திருக்கிறாள். அது அடியில் கிடந்தது. மேலே அம்புட்டு இடம் காலியாக இருந்தது. தம்பிக்குக் காற்றில் கஞ்சத்தனமா? அவள் கை சும்மா இருக்குமா? திருகைத் திருப்பிவிட்டாள். சமையலறையிலிருந்து வந்த என் மனைவியிடம், “நல்லாத் தூங்குறான், எழுப்பாத” என்றும் சொல்லியிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டபோது நான் எழவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் கண் விழித்த பிறகு மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் பண்ணினால் முட்டி வலி என்றாள், பஸ் இல்லை என்றாள். விளாங்குடிக்கா பஸ் இல்லை! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கும் நாளில் அக்கா இல்லாத ஞாயிறுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கையில் தூக்கும் சின்ன சிலிண்டரை எடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே கூட வந்த மனைவியோடு ஆட்டோவில் அக்கா வீட்டுக்கே போய் இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

“நான் தொடமாட்டேம்ப்பா. எங் கையாலயே ஒன்னையக் கொல்லப் பாத்தேன்.”

“நானும் பாவம் பாத்துப் புழுவுக்குப் பம்பு வச்சேன்க்கா. அம்புட்டும் படிச்சுப்புட்டு வச்சேன். கூட்டக் கூடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“புழுவும் நீயும் ஒண்ணாடா?”

“அது என்னைய விடக் கெட்டி.”

அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு தட்டு வைத்தாள். கரண்டியில் கொஞ்சம் சோறு எடுத்து, தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எம்புட்டு வைக்க?”

என் வாழ்நாளில் அவள் கேட்காத கேள்வி அது. ஆஸ்பத்திரியில்கூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

“காத்துக்குத்தான்க்கா அளவு. சோத்துக்கு இல்ல.”

அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி தலையாட்டினாள். அதன் பிறகு கரண்டி நிற்கவில்லை. சோறு தட்டின் விளிம்பைத் தாண்டியது.

பாதிகூட என்னால் சாப்பிட முடியவில்லை. மென்று விழுங்குவதற்குள் மூச்சு வாங்கியது. அக்காவின் கண் சிலிண்டர் திருகுக்குப் போனது. கை கொஞ்சம் எழுந்தது. உடனே இரண்டு கைகளையும் மடியில் வைத்து இறுகக் கோத்துக்கொண்டாள். என் மூச்சு தானாக அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.