காலண்டர் மாட்டிய விரிசல்

என் சாட்சியை எழுதித் தரும்படி எங்கள் சபைப் போதகர் ஐயர் மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்றாவது நினைவூட்டலுக்கும் பதில் போடாமல் இருப்பது ஒழுங்கீனம் என்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆகவே எழுதுகிறேன். சபையார் ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சாட்சியில் நான் நல்லவனாக வரமாட்டேன்.

2001 ஜனவரியில் என் மனைவி பாக்கியத்துக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன என்று மதுரையில் சொன்னார்கள். அவள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாரம் இரண்டு தடவை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கோவில்பட்டியில் எங்களுக்கு அப்போது அதற்கு வழி கிடைக்கவில்லை. அதிகாலை பஸ்ஸில் மதுரைக்குப் போய், சாயங்கால பஸ்ஸில் திரும்புவோம். வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். மார்ச் மாதம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இந்த அலைச்சலை அந்த உடம்பு தாங்காது, ஜூன் மாதத்துக்குள் மதுரைக்கே குடிவந்துவிடுங்கள் என்றார். வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மதுரையில் இருக்கும் எங்கள் மகளுக்கு மூன்றாவது மாடியில் இரண்டே அறை. பாக்கியத்தால் படி ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்க வேண்டும். அதற்குக் கோவில்பட்டி வீட்டை விற்க வேண்டும். வேறு வழி இல்லை.

வீடு விற்பது எனக்குப் புதிதா? ஆயிரக்கணக்கான வீடுகள் என் மேஜை மேல் கைமாறியிருக்கின்றன. ஒரு பதிவுக்கு அதிகம் போனால் கால் மணி நேரம். மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, வரைபட நகல் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு ஒரே கோப்பில் வைத்தேன். அந்தக் கோப்பைப் பார்த்தால் எந்த அதிகாரியும் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாங்க வந்தவர்களில் ஒருவர்கூட அதைத் திறக்கவில்லை. அவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மண் வெயிலில் சுருங்கி வெடிக்கும், மழையில் உப்பி மூடிக்கொள்ளும். மண் செய்வதைச் சுவரும் செய்யும். பங்குனியில் திறந்த விரிசல் ஐப்பசி மழையில் வாயை மூடிக்கொள்ளும். அதனால் எங்கள் பக்கத்தில் விவரமானவன் வீட்டைக் கார்த்திகையில் காட்டுவான். நானோ பங்குனியில் காட்டினேன். கார்த்திகை வரை காத்திருக்கப் பாக்கியத்தின் உடம்பு சம்மதிக்காது.

முன்கூடத்தில், ஜன்னலின் மூலையிலிருந்து தரை வரை ஒரு விரிசல். என் சுண்டுவிரல் நுழையும். அதன் மேல் சபையின் வசனக் காலண்டரை மாட்டினேன். அது நீளம் போதாததால் கீழே பீரோவை நகர்த்தி வைத்தேன். விற்கிறவன் தனக்குத் தெரிந்த குறையை வாங்குகிறவனிடம் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். தேவ வசனத்தையே பூச்சுவேலைக்குப் பயன்படுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆட்கள் வந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் வந்தார்கள். ஒருவர் எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்த்தார். ஒருவர் எல்லாக் குழாயையும் திறந்தார், காற்று வந்தது. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் வாசலைப் பார்த்தார். வாஸ்து நிபுணர் ஒருவர் திசைகாட்டியோடு வந்து, எங்கள் அடுப்படி இருக்கும் மூலை குடும்பத்தலைவிக்கு ஆகாது என்று என் மனைவியின் காது கேட்கச் சொன்னார். ஒரு புதுமணத் தம்பதி அடுக்களை அலமாரியை டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை. தாங்கள் கட்டும் வீட்டுக்கு அதே மாதிரி அலமாரி வேண்டுமாம்.

வந்தவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தேன். அந்த வெயிலில் கொடுக்காமல் இருக்க முடியுமா? பாக்கியத்துக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர்தான் அனுமதி, காப்பியும் அதில் சேர்த்தி. நான் பானையில் சொம்பை முக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அவளுடைய கட்டில் முன்கூடத்தில்தான் இருந்தது. காற்று வரும் ஒரே இடம் அது. வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் அவளைப் பார்த்தார்கள். முகம் வீங்கி, தோல் கறுத்து, கையில் ஊசித் தழும்போடு கிடந்தவளைப் பார்த்ததும் அவர்களுடைய பேச்சு மாறிவிடும். ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினார். அங்கே எந்த நாற்றமும் இல்லை. தினமும் இரண்டு வேளை நான்தான் துடைத்தேன்.

ஏப்ரல் நடுவில் தரகர் சண்முகையா என்னை வாசலுக்கு அழைத்தார்.

“சார், தப்பா நெனைக்கக் கூடாது. சீக்கு ஆளு படுத்திருக்க வீட்ட எவன் வாங்குவான்? வாரவிய பயப்படுதாவ. டீச்சர கொஞ்சம் பொறத்தால வையுங்க. ஆள் வாரப்ப மட்டும் போதும்.”

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவர் சொன்னது நடைமுறைக்குச் சரியாகப் பட்டது. கொல்லைப்பக்கம் இருந்த சாமான் அறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டேன். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஆள் வரும் நேரத்தில் அவளை அங்கே நடத்திக்கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாது என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

அந்த நாட்களில் நான் ஜெபிக்காமல் இல்லை. என் ஜெபமும் மனு மாதிரிதான் இருந்தது. பொருள், பார்வை, கோரிக்கை ஒன்று, கோரிக்கை இரண்டு. பதில் வராதபோது உபவாசம் இருந்து நினைவூட்டல் அனுப்பினேன். மேலிடத்தில் கோப்பு நகரவே இல்லை. ஆண்டவர் இருக்கிறாரா என்றுகூட ஒரு பிற்பகலில் சந்தேகப்பட்டேன். சபையார் மன்னிக்க வேண்டும்.

மே முதல் வாரத்தில் ஒரு பஞ்சு வியாபாரியும் அவர் தம்பியும் வந்தார்கள். நல்ல மனிதர்கள், கையில் ரொக்கம் உள்ளவர்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து, தம்பி சாமான் அறைத் தாழ்ப்பாளில் கை வைத்தார். உள்ளே பாக்கியம் இருமினாள்.

“உள்ள ஆள் இருக்காப்பல இருக்கே சார்?”

“யாருமில்லை,” என்றேன். “எலியாக இருக்கும்.”

“கோயில்பட்டி எலி இருமுமா சார்?” என்று அவர் சிரித்தார். சண்முகையாவும் சேர்ந்து சிரித்து அவர்களை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தச் சாட்சி பொய்யாகிவிடும்.

அவர்கள் போன பிறகு தாழ்ப்பாளைத் திறந்தேன். பாக்கியம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இருமல் வெளியே கேட்காமலிருக்க முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை எடுத்தாள்.

“எலி போயிட்டுதா?” என்றாள். நான் அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினேன். “சரி, அவியளாவது போயிட்டாவளா?”

அவளைக் கூடத்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டு, கோப்பை எடுத்து வைக்கப் போனேன். மேலே மூலப்பத்திரம் இருந்தது. அதன் முதல் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் படித்தேன். எழுதிவாங்குபவர் என்ற இடத்தில் பாக்கியத்தின் பெயர் இருந்தது. மனை அவள் நகையிலும் சம்பளச் சேமிப்பிலும் வாங்கியது. பத்திரத்தை அவள் பெயரில் எழுதச் சொன்னவனே நான்தான். வீட்டின் சட்டப்படியான உரிமையாளரைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வாங்க வந்தவர்களிடம் அவளை எலி என்று சொல்லியிருக்கிறேன். எல்லா விதிகளும் தெரிந்த நான்.

கோப்பைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்திலேயே முழங்காலிட்டேன். கோரிக்கை எண் எதுவும் நினைவுக்கு வரவில்லை. என்னை மன்னியும், அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பலம் தாரும் என்று மட்டும் கேட்டேன். அழுதேன். வீட்டை விற்றுத் தாரும் என்று கேட்க மறந்தே போனேன்.

பிறகு எழுந்துபோய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

“கட்டில் இங்கனயே கெடக்கட்டும்,” என்றாள். “அந்தக் காலண்டரயும் கழத்துங்க. பீரோவத் தள்ளிப் போடுங்க. இனி வாரவிய என்கிட்ட பேசட்டும். என் வீடுதான?”

செய்தேன். உடனே ஆண்டவர் ஆளை அனுப்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. பஞ்சு வியாபாரி வேறு வீடு பார்த்துவிட்டார். சண்முகையா விரிசலைப் பார்த்து, இது வீட்டைக் காட்டுவதா, விரிசலைக் காட்டுவதா என்று கோபித்துக்கொண்டு போனார். அக்னி நட்சத்திர வெயிலில் பாக்கியம் பஸ் படியில் மயங்கி விழுந்தாள். அன்றைக்கு மதுரைக்குப் போக முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கியது. ஜூன் மாதம் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தபோதெல்லாம் மீதி நாட்களை விரல்விட்டு எண்ணினேன். உத்தமமானதைச் செய்த பிறகும் இப்படியா என்று ஆண்டவரிடம் கேட்டேன். ஆனால் அந்த மூன்று வாரமும் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கலியாணமாகி அத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

மே கடைசியில் புதியம்புத்தூரிலிருந்து காளியம்மாள் என்ற அம்மாளும் அவர் கணவரும் வந்தார்கள். அங்கே ரெடிமேட் சட்டை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக எங்கள் ஊருக்கு வர நினைத்தார்கள். காளியம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றினார். நேராகக் கட்டிலுக்கு வந்து, கீழே தரையில் உட்கார்ந்தார். பிறகுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். எழுந்துபோய் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“டீச்சர், இது வருசா வருசம் உள்ளதா?”

“ஆமா,” என்றாள் பாக்கியம். “பங்குனியில வாயத் தெறக்கும், ஐப்பசியில மூடிக்கிடும். இருவத்திரெண்டு வருசமாப் பாக்கேன், சுண்டுவெரல் கனத்துக்கு மேல போனதில்ல. அடுக்களையில ஒண்ணு இருக்கு, அது சின்னது. நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்க வரும். போர்த் தண்ணி உப்பு. பருப்பு வேகாது. எனக்குக் கிட்னி போயிட்டு, அதான் விக்கோம். வேற என்ன கேக்கணும்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டை விற்கும் வாய்ப்பு ஒரே மூச்சில் போயிற்று என்று நினைத்தேன்.

“ஒம்பது வீடு பாத்துட்டேன் டீச்சர்,” என்றார் காளியம்மாள். “ஒம்பதுலயும் சுவத்துல எடமில்லாத எடத்துல காலண்டர் தொங்குச்சு. நாங்களும் கரிசக்காட்டு ஆளுதான், வெடிக்காத சுவரு எங்கன இருக்கு? எந்த எடம் எவ்வளவு வெடிக்கும்னு சொல்லுதவிய வீட்டத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். காளியம்மாள் கட்டிலுக்கு அடியில் இருந்த அளவு டம்ளரைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். பாக்கியம் சொன்னாள். அவர் தம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அன்றைய மூன்றாவது டம்ளருக்கு இன்னும் நேரம் ஆகவில்லை. அதை நான் அப்போதே ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து குடித்தார்கள்.

சுவரைச் சரிசெய்யும் செலவுக்கென்று கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள். கொடுத்தோம். ஜூன் இரண்டாம் வாரம் பதிவு. நடக்க முடியாதவர்களுக்காக அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவு செய்ய விதி உண்டு. விண்ணப்பம்கூட எழுதிவிட்டேன். பாக்கியம் மறுத்துவிட்டாள். காரில் வந்து, என் பழைய அலுவலகத்தில், நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். மனப்பூர்வமாகத்தான் எழுதிக்கொடுக்கிறீர்களா என்று அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார். அதற்கு எல்லோரும் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

“மனப்பூர்வமாத்தான்,” என்றாள் பாக்கியம். “விரிசலையும் சேத்து.”

அந்த மாதக் கடைசியில் மதுரைக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். ஆண்டவர் அவளைச் சுகமாக்கவில்லை. அவள் இன்னும் இரண்டரை வருடம் இருந்தாள். டாக்டர் எதிர்பார்த்ததைவிட அது அதிகம், நான் கேட்டதைவிடக் குறைவு. ஆனால் அந்த இரண்டரை வருடமும் அவளுடைய கட்டில் வாசலுக்கு நேரே கிடந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். யார் வந்தபோதும் நான் கதவைச் சாத்தியதே இல்லை. அவள் கடைசியாக மூச்சுவிட்டபோதும் அந்தக் கதவு திறந்தேதான் இருந்தது.

நான் வீடு விற்க வேண்டும் என்று கேட்டேன். ஆண்டவர் முதலில் ஒரு தாழ்ப்பாளைத் திறந்தார். அதற்கு அப்புறம்தான் மற்றது. இந்த வரிசையைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று, இன்றைக்கும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். உங்களில் யாருடைய மனுவுக்காவது பதில் வராமல் இருந்தால், என்னைப் போல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிராமல், வீட்டுக்குள் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது ஒரு கதவு வெளிப்பக்கம் தாழிட்டிருந்தால் திறந்துவிடுங்கள். திறக்கப் பலம் இல்லையென்றால் அதை மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கோரிக்கை எனக்கு அந்த நிமிடமே கிடைத்தது.

இந்த மதுரை வீட்டிலும் சபைக் காலண்டரை மாட்டியிருக்கிறேன். அதன் பின்னால் வெறும் சுவர்தான்.