ஹலீமா பீ போட்ட வட்டங்கள்

பெல்ட்டின் ஓரம் நைந்த இடத்தைச் சுற்றி முதல் வட்டம். ஈரத்துணி காய்ந்து காய்ந்து துருப்பிடித்த கைப்பிடியில் இரண்டாவது. வேகத்தைக் கூட்டும் பொத்தானில் எழுத்து அழிந்திருந்தது, அங்கே மூன்றாவது. ஹலீமா பீ சில்வர் பேனாவை மூடிக் காதோரம் செருகிக்கொண்டு, மூன்று வட்டங்களும் பளிச்சென்று தெரியும்படி டிரெட்மில்லைப் படம் எடுத்தார். ஆன்லைனில் விற்பதற்கு.

"இன்னா ஹலீமா இது? பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட முதல்ல சொத்தைப் பல்லைக் காட்டுற மாதிரி!" என்றார் கணவர் வக்கார் அகமது.

"மறைச்சு அனுப்பினா திரும்பி வரும். திரும்பி வர்ற பெட்டி மேல யார் பேரு இருக்கும்? செக்கர் பேரு."

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலை. அதில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் மேஜை ஹலீமாவுடையது. தைத்து வரும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடிப்பார், புரட்டுவார், உள்பக்கம் பார்ப்பார், குறை தெரிந்தால் சில்வர் மை பேனாவால் வட்டம் போடுவார். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் போட்ட வட்டம் போட்டதுதான். இந்த வருடம் ஆர்டர் குறைந்து, வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. மகள் உமைமாவின் நர்சிங் கல்லூரிக்கோ திங்கட்கிழமைக்குள் பத்தாயிரம் கட்டியாக வேண்டும். வீட்டில் சும்மா கிடந்தவை இரண்டு. ஒன்று கணவர், விற்க முடியாது. மற்றது டிரெட்மில்.

ஓவர்டைம் கொழித்த காலத்தில் வக்கார் வாங்கியது அது. ஆம்பூரில் குடியிருந்துகொண்டு பிரியாணியை எதிர்த்து நடக்கத் துணிந்த வீரர் அவர். பதினொரு நாள் நடந்தார். அப்புறம் நான்கு வருடம் அதன்மேல் துப்பட்டாக்கள் உலர்ந்தன.

விளம்பரம் போட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை, ஒருவர் செய்தி அனுப்பினார். ராணுவ உடுப்பில் படம். கேட்ட விலை பன்னிரண்டாயிரத்துக்கு அப்படியே சம்மதம். வக்காருக்கு மீசை துடித்தது.

"பாத்தியா! பட்டாளத்து ஆளு. ஒரு ரூபா கம்மி பண்ணச் சொல்லல."

"அதாங்க இடிக்குது. மூணு வட்டம் போட்டிருக்கேன், ஒண்ணைப் பத்திக்கூட கேக்கலையே."

ஹலீமா ஒரு வரி தட்டிவிட்டார்: 'சார், இதில் பெல்ட் கிடையாது.' பதில் வந்தது: 'பரவாயில்லை மேடம்.' 'மோட்டாரும் இல்லை.' 'ரொம்ப நல்லது மேடம்.' கூடவே ஒரு கியூஆர் கோடும் வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் இவர்கள் கணக்கில் வந்து விழுந்துவிடுமாம்.

வக்கார் அதற்குள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் போனைக் கையில் எடுத்துவிட்டார். "போட்டுத்தான் பாப்பமே?"

"மாசாமாசம் சம்பளம் பேங்க்ல விழுதே, ஒரு தடவையாவது பின் நம்பர் கேட்டுதா? உள்ள வர்ற பணத்துக்கு எதுக்குங்க பின் நம்பரு? வெளிய போறதுக்குத்தான் அது வேணும். போனைக் கீழ வைங்க." பட்டாளத்து ஆளுக்கு 'ரிஜெக்ட்' என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டு பிளாக் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, குடியாத்தத்திலிருந்து சங்கீதா குட்டியானை லோடு வண்டியோடு வந்து இறங்கினார். பிசியோதெரபி கிளினிக் நடத்துபவர். வணக்கத்துக்கு முன்பே குறை சொல்லத் தொடங்கிவிட்டார்.

"என்னக்கா, பெல்ட்டு இப்படி நைஞ்சிருக்கு? இதுல எது கூட்டுறது, எது கொறைக்கிறது? பேஷண்ட்டு பறந்துடுவாரு."

ஹலீமாவின் முகம் மலர்ந்தது. "வாம்மா, உக்காரு. டீ குடிச்சிட்டே திட்டு."

ஒரு மணி நேரம் இழுபறி. பன்னிரண்டில் கிளம்பிய பேரம் பத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே ஹலீமா அசையவில்லை. "பொண்ணு ஃபீஸும்மா. நாளைக்குக் கடைசி நாளு. இதுல நூறு ரூபா கொறைஞ்சாலும் எனக்குப் பேஜாரு."

சங்கீதா பணம் அனுப்பிவிட்டுப் போனை நீட்டினார். "போயிடுச்சுக்கா, பாருங்க."

திரையில் தெரிந்த பச்சை டிக்கை ஹலீமா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "உன் போன்ல போனது இருக்கட்டும்மா. என் கணக்குல வரட்டும்." தன் வங்கிக் கணக்கைத் திறந்து, பத்தாயிரம் ஏறியிருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே நாற்காலியை விட்டு எழுந்தார். சங்கீதா கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் இப்படித்தான்க்கா" என்று சொல்லிவிட்டு, வண்டியில் இடம் ஒழிக்கப் போனார்.

டிரைவரும் வக்காரும் டிரெட்மில்லைச் செங்குத்தாக நிமிர்த்தினார்கள். நான்கு வருடத்தில் முதன்முறையாக அதன் அடிப்பக்கத்தில் வெயில் பட்டது. லட்சம் ஷூக்களைப் புரட்டிப் பார்த்த கை, கனமாக இருக்கிறதே என்று இதை மட்டும் புரட்டாமல் விட்டிருந்தது. பின்காலை ஒட்டி, வெல்டிங் போட்ட இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

சங்கீதா வண்டிக்குள் சாக்குகளை விரித்துக்கொண்டிருந்தார். வக்கார் விரிசலையும் பார்த்தார், மனைவியின் கண் போன இடத்தையும் பார்த்தார்.

"விட்டுடு ஹலீமா" என்றார் மெல்ல. "பணம் வந்துடுச்சு. நாளைக்கு ஃபீஸு..."

"அம்மா சங்கீதா, இங்க வந்து இதையும் பாத்துட்டுப் போ" என்று வண்டிப் பக்கம் குரல் கொடுத்தபடியே ஹலீமா பீ குனிந்தார். காதோரத்துப் பேனாவை உருவினார். மூடியைப் பல்லால் கழற்றி, விரிசலைச் சுற்றி நான்காவது வட்டத்தைப் போட்டார். மற்ற மூன்றையும்விட இது கொஞ்சம் பெரிய வட்டம்.