எல்லையில் உட்கார்ந்த ஐந்து புள்ளிகள்

அளப்பவருக்குப் பட்டம், பொருத்துபவருக்குப் பெயர், படம் போடுபவனுக்குத் திட்டு: எங்கள் தொழில் இவ்வளவுதான்.

புனேயில் ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். மாலை போட்டு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒப்பந்த வேலை, படம் போடுவது. அடுத்தவர் வேலைக்கு கிராஃப் போட்டுக் கொடுத்து, "கலர் சரியில்லையே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், இது உங்களுக்குத்தான். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

வேலை என்னவென்று ஒரு தடவை சொல்கிறேன். இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன். ஒரு சின்னப் படிகத்தைக் குளிரவைத்து அதன்மேல் லேசர் ஒளியை அடிப்பார்கள். சிதறி வரும் ஒளியை அளந்தால் மணியைக் கவிழ்த்தது போல ஒரு வளைகோடு வரும். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு வளைகோடு. மென்பொருள் அதற்கு ஒரு சூத்திரத்தைப் பொருத்தி மூன்று எண் கொடுக்கும்: மணி எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கூடவே ஒரு பிழை எண்ணும் தரும். எல்லா வெப்பநிலைக்கும் வந்த அகலங்களை வரிசையாகப் புள்ளி வைத்து ஒரே படமாக்கினால் என் வேலை முடிந்தது. அங்கே பேச்செல்லாம் இந்தியும் மராத்தியும். இங்கே தமிழில் போடுகிறேன்.

பத்துக்கு அடுத்தது நூறு

புது மென்பொருள் வந்த முதல் வாரம். வைஷாலி கோப்புகளைக் கொண்டுவந்தாள். ஆராய்ச்சி மாணவி, ஐந்தாவது வருஷம். பள்ளிக்கூடம் போகும் பையன் இருக்கிறான். என்னைக் 'காகா' என்பாள். மராத்தியில் சித்தப்பா. தமிழ்க் காதில் அது என்னவாக விழும் என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

கோப்புகளுக்கு வெப்பநிலையையே பெயராக வைத்திருந்தாள். மென்பொருளுக்கு அது எண் இல்லை, எழுத்து. பத்து, நூறு, நூற்றிப்பத்து என்று நூற்றித்தொண்ணூறு வரை ஏறிப் போய்விட்டு, அப்புறம்தான் இருபதுக்கு வந்தது. புள்ளிகளைக் கோட்டால் இணைக்கச் சொல்லியிருந்தாள். இணைத்தேன். கோடு பக்கம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. பத்தை 010 என்றும் இருபதை 020 என்றும் பெயர் மாற்றியதும் அடங்கியது. 'மூன்று இலக்கம் இல்லாத கோப்பு வாங்கப்படாது' என்று கதவில் எழுதி ஒட்டினேன்.

அந்த முதல் படத்தைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தவன் சேவியர். எங்கள் ஒர்க்‌ஷாப் லேத்துக்காரன், கட்கியில் வீடு. இரண்டு பேர் பூர்வீகமும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அவனோடு மட்டும் தமிழ். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணாச்சி, இது கிராஃபா, இல்ல சாயங்காலம் ஹிஞ்சவடி டிராஃபிக்கா?"

டெக்டி

வரிசை சரியானதும் படம் ஒழுங்காக வந்தது. குளிரக் குளிர அகலம் குறைந்துகொண்டே போனது. அறுபத்தைந்து கெல்வின் பக்கத்தில் மட்டும் திடீரென்று ஒரு மேடு. வைஷாலி நாற்காலியிலிருந்து குதித்தாள். "காகா, டெக்டி!" என்றாள். சின்னக் குன்றுக்கு இங்கே டெக்டி என்று பெயர். காலையில் பாதிப் புனே ஏதாவதொரு டெக்டியில் ஏறி இறங்கும். இறங்கியதும் வடாபாவ் தின்று கணக்கைச் சமன் செய்துவிடும்.

இந்த டெக்டியின் உச்சி தட்டையாக இருந்தது. ஐந்து புள்ளிகள் ஸ்கேல் வைத்தது போல ஒரே மட்டத்தில். அவளுடைய வழிகாட்டி ஜோஷி சார் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டார். உச்சி ஏன் தட்டை என்பதற்குப் பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வெளியே வந்தார். படிகத்துக்குள் இதுவரை யாரும் காணாத ஒரு நிலையாம். ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்துக்கே 'சமதளம்' என்று தலைப்பு வைத்தாகிவிட்டது. சாதாராவில் ஒரு கல்லூரியில் வைஷாலிக்கு வேலை தயார். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் சேரமுடியும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஜோஷி சார் என் தோளில் தட்டினார். "அண்ணா, படத்தை அழகாப் போடுங்க. இந்தச் சமதளத்துமேலதான் இந்தப் பொண்ணு வீடு கட்டப்போறா."

சொசைட்டித் தண்ணீர்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாங்வியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக் கூட்டம். நான் கோடு போடுகிறவன் என்று செக்ரெட்டரிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மாதாமாதம் எத்தனை டேங்கர் தண்ணீர் வந்தது என்று ஒரு பட்டியலைக் கையில் திணித்தார். வருகிற மாதங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியவேண்டுமாம். பட்டியல் இருந்ததோ ஜூன் முதல் அக்டோபர் வரைக்கும். மழைக்காலம், எண் இறங்கிக்கொண்டேதான் போகும்.

"இதை வைத்துச் சொல்லமுடியாது" என்றேன். "ஒரு கோடு போடுங்க, போதும்" என்றார். போட்டேன். கீழே 'நம்பவேண்டாம்' என்றும் எழுதினேன். அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். டிசம்பரில் கோடு பூஜ்யத்தைத் தொட்டு, அதற்கும் கீழே இறங்கியிருந்தது.

சி விங் அம்மாள் ஒருவர் தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "உங்க கோட்டுப்படி ஜனவரியில நாமதான் டேங்கர்காரனுக்குத் தண்ணி குடுக்கணும், அண்ணா."

குச்சி இல்லாத புள்ளி

திங்கட்கிழமை ஜோஷி சார், புள்ளிகளுக்கு எரர் பார் போடச் சொன்னார். எரர் பார் என்றால், புள்ளிக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டு நிற்கும் குச்சி. குச்சி நீளமென்றால் அந்தப் புள்ளியை நம்பாதே என்று அர்த்தம். போட்டேன். எல்லாப் புள்ளிக்கும் குச்சி முளைத்தது. தட்டை உச்சியில் இருந்த ஐந்துக்கு மட்டும் இல்லை.

"பிழை பூஜ்யம்! எவ்வளவு துல்லியம் பாருங்க, காகா" என்று வைஷாலி பூரித்தாள். பூஜ்யப் பிழையை நான் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்ததில்லை. அவள் சாப்பிடப் போனதும் எண்களைத் திறந்தேன். அகலம் இருபது. இருபது. இருபது. ஐந்து தடவையும் அதே இருபது. ஆரம்பக் கோப்பைத் திறந்தேன். 'அகலம்: எல்லை 20' என்று ஒரு வரி. அதற்குமேல் போகக்கூடாது என்று மென்பொருளுக்கு உத்தரவு. அது போய்ச் சுவரில் முட்டி, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நகரமுடியாத எண்ணுக்குப் பிழை கணக்கிட அதற்குத் தெரியாது. பூஜ்யம் என்று எழுதிவிட்டது.

அந்த வரியைப் போட்டவன் யார்? பக்கத்திலேயே பெயரின் முதலெழுத்து. என்னுடையது. பழைய மென்பொருள் காலத்தில் எவனோ ஒரு மாணவனின் அகலம் ஆயிரக்கணக்கில் ஓடிவிட்டது. பிடித்துக் கட்ட வேலி போட்டேன். எடுக்க மறந்தேன். அன்றிலிருந்து எல்லோரும் அதே கோப்பைத்தான் நகல் எடுக்கிறார்கள். புது மென்பொருளுக்கும் அதையே ஏற்றியிருக்கிறார்கள்.

மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள். உட்கார்ந்திருந்தேன். அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்ததும் திரையைக் காட்டினேன். "இது உச்சி இல்லை. நான் போட்ட கூரை" என்றேன்.

ஐந்து இருபதையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்போ சாரோட பன்னிரண்டு பக்கம்?"

"என் கூரைக்கு எழுதினது."

டப்பாவை மேஜைமேல் வைத்தாள். மூடி உருண்டு கீழே விழுந்தது. இரண்டு பேருமே எடுக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "சார்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? இல்ல, ரெண்டு பேருமா லீவு போட்டுடலாமா, காகா?"

முப்பதாக இருந்தால்

நான்தான் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது. "சார், வேலி என்னுது. அந்தத் தட்டை பொய்" என்றேன். அவர் கையில் டீ இருந்தது. குடிக்கவில்லை, வைக்கவும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எல்லையை இருபதுன்னு ஏன் போட்டீங்க? முப்பதுன்னு போட்டிருந்தா?" என்றார்.

"சமதளம் முப்பதில் வந்திருக்கும்."

டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஆறிப்போன டீ. கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பதுக்கும் நான் பன்னிரண்டு பக்கம் எழுதியிருப்பேன், அண்ணா."

வியாழனுக்குள்

எல்லையை எடுத்துவிட்டு மறுபடி பொருத்தினோம். ஐந்து புள்ளிகளும் மேலே பறந்தன. குச்சிகள் கொடிக்கம்பம் மாதிரி பக்கத்தைத் தாண்டிப் போயின. அந்தக் குச்சிக்குள் டெக்டியும் இருக்கலாம், பள்ளமும் இருக்கலாம். வழி ஒன்றுதான். அந்த ஐந்து வெப்பநிலையிலும் மறுபடி அளப்பது, முன்னைவிடப் பத்து மடங்கு நேரம் ஒளி சேர்த்து. ஒரு வெப்பநிலைக்கு ஒரு நாள். நடுவில் குளிரூட்டும் கம்ப்ரெசர் நிற்கக்கூடாது. இங்கே பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவது வியாழக்கிழமைகளில். அந்த வியாழன் கழிந்து, வெள்ளி காலையில் ஆரம்பித்தோம். அடுத்த புதனுக்குள் முடியவேண்டும். கையில் ஆறு நாள்.

திங்கட்கிழமை கம்ப்ரெசருக்குத் தண்ணீர் போகும் குழாய் பிடுங்கிக்கொண்டது. தரையெல்லாம் வெள்ளம். சேவியர் ஓடிவந்தான். தன் லேத்துக் குழாயிலிருந்த கிளாம்பைக் கழற்றி இதற்கு மாட்டினான். "எனக்கு ஒரு நாள் லீவு கிடைச்சுதுன்னு வச்சுக்கிடுதேன்" என்றான். கம்ப்ரெசர் ஓடியது. ஆனால் அந்த நாள் போனது போனதுதான். உபரியாக இருந்த புதனும் தீர்ந்தது.

புதன் மத்தியானம் கடைசிக் கோப்பு வந்தது. எல்லை இல்லாமல் பொருத்தினேன். வைஷாலி திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்" என்றேன். டெக்டி நின்றது. தட்டை இல்லை. அறுபத்தைந்தில் கூராக நின்றது. முன்னைவிட உயரம். ஐந்துக்கும் குச்சி இருந்தது, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. அவள் பென்சிலை எடுத்துத் திரைமேல் வைத்து ஒவ்வொரு குச்சியாக அளந்தாள். ஐந்தாவதை அளந்ததும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேவியர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். "கூரையப் பிரிச்ச பொறவுதான் கோபுரம் தெரியுது, இல்லியா அண்ணாச்சி?"

வாய்மொழித் தேர்வு

பன்னிரண்டு பக்கமும் போயிற்று. 'சமதளம்' போயிற்று. அந்த இடத்தில், மேடு இருக்கிறது, காரணம் இன்னும் தெரியவில்லை என்று ஒரே பத்தி. ஜோஷி சாரே எழுதினார். எழுதும்போது பல் வலிப்பவர் முகம். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் வைஷாலி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுச் சாதாராவுக்குப் போய்ச் சேர்ந்தாள். போகுமுன், "உங்க பேரை நன்றியில போடவா, பிழைகள்ல போடவா, காகா?" என்று கேட்டாள். எதிலும் வேண்டாம் என்றேன். இரண்டிலும் போட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. சாதாராவிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாள். நானும் சேவியரும் கடைசி வரிசையில். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவர் என்று கேள்வி. என் படத்தில் வந்து நின்றார். குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையாட்டினார். எனக்கு அது போதும், எழுந்து போயிருப்பேன். அப்புறம் கேட்டார்: "மேடு சந்தேகமில்லாமல் இருக்கிறது. இவ்வளவு நல்ல முடிவுக்கு ஒரு கோட்பாடுகூட இல்லையே, ஏன்?"

ஜோஷி சார் தன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வைஷாலி அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தேர்வாளரிடம் அடக்கமாகச் சொன்னாள்: "ஒண்ணு இருந்தது, சார். ரொம்ப நல்லாப் பொருந்துச்சு. புள்ளிங்கதான் ஒத்துழைக்கல."

எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் அதற்கொரு வளைகோட்டைப் பொருத்தித் தர எங்களிடம் மென்பொருள் ஒன்று, ஜோஷி சார் ஒன்று என இரண்டு இருந்தும், எல்லை போட முடிந்தது முதலாவதுக்கு மட்டும்தான்.