தாரா குளித்த தண்ணீர்

அப்போது நாங்கள் புத்தூரில் இருந்தோம். பக்கத்து வளவுப் பவளம் தன் தாராக்கள், அதுதான் வாத்துகள், நீந்தவென்று முற்றத்தில் சின்னத் தொட்டி கட்டியிருந்தாள். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றடியில் வடியும் தண்ணீர் வாய்க்காலால் ஓடி அதில் விழும்.

"இஞ்சாரும், பவளத்தின்ரை தாரா நீந்திற வடிவைப் பாரும்!" என்று என் கணவர் தினமும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். எனக்கு வயிறு எரியும். வேலியோரம் என் வாழைகள் ஆளுயரக் குலை தள்ளி நின்றன. அவற்றை ஒருநாளாவது பார்த்தாரா மனுசன்?

ஒரு காலை வாய்க்காலை மண்ணால் அடைத்து, தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். தொட்டி வற்றியது. வாத்துகள் வெறும் சீமெந்தில் குந்தியிருந்தன.

பவளம் வேலியில் ஆள் நுழையும் பொட்டால் குனிந்து வந்தாள். சண்டைக்குத் தயாரானேன்.

"வாய்க்கால் அடைபட்டுப்போச்சுப் போலை, அக்கா. தாரா குளிச்ச தண்ணி நல்ல பசளை. அதைத்தான் இவ்வளவு நாளும் உங்கடை வாழைக்கு ஊத்தினனான். இனி வாழை வாடினால் என்னைக் கோவிக்காதேங்கோ."

அன்றே மண்ணை வெட்டி எடுத்தேன். பொறாமை அத்தோடு போனது என்றால் பொய். அதுவரை அவளுடைய தாராக்கள் மேல் இருந்தது, பிறகு அவளுடைய மனசின் மேல் வந்துவிட்டது.