மணலை ஆறு என்று நினைத்தவன்

மூன்று வயது ஆகும்வரை என் மகனுக்கு ஆறு என்றால் மணல்தான். அங்கங்கே நாணல் நிற்கும், ஆடு மேயும், சாயங்காலமானால் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தென்னந்தோப்பின் வேலியைத் தாண்டினால் ஒரு சரிவு. சரிவு முடிந்தால் ஆறு. யாரும் கூட வராமலே இறங்க அவன் பழகியிருந்தான்.

நான் மறையூர்க்காரி. எங்கள் பாம்பாறு பாறைகளில் இரைந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள்கூட நாங்கள் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவோம். அது கிழக்கே இறங்கித் தமிழ்நாட்டில் அமராவதியோடு சேரும். எனக்கு வாய்த்த புகுந்த வீட்டு ஆறு இதற்கு நேர் எதிர். ஆனைமலையில் பிறந்து, ஆழியாறாகப் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் சித்தூர்ப்புழையாகி, பறளியில் பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடலைத் தொடும். அதுவும் தண்ணீர் இருந்தால். மேலே அணை, நடுவில் தடுப்பணைகள், இரண்டு மாநிலத்துக்கும் ஓர் ஒப்பந்தம். அங்கே ஷட்டர் திறந்தால்தான் இங்கே ஆறு. மகன் பிறந்ததிலிருந்தே மழை ஏமாற்றியதால் அந்த வருடமும் கோடை முடிந்தும் மணல் அப்படியே கிடந்தது.

தண்ணீர் விடப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மகன் நினைப்புதான் வந்தது. இவன் வழக்கம்போல ஓடி இறங்குவானே! என் தம்பி அனுப்பிய பாம்பாற்று வீடியோவைக் காட்டினேன். "இது அருவி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். முற்றத்து மணலில் பள்ளம் பறித்துத் தண்ணீர் ஊற்றி விளக்கினேன். இன்னொரு சொம்பு ஊற்றச் சொன்னான். வேலியின் இடைவெளியைத் தென்னை ஓலையால் அடைக்கும்படி கணவரிடம் சொன்னேன். அவர் அடைத்த அன்று மத்தியானமே பையன் ஓலைக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டான். பூச்சாண்டி சொல்லிப் பயமுறுத்தலாமா என்றும் யோசித்தேன். பிறகு ராத்திரி தூங்காமல் அழுதால்? அதையும் விட்டேன்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இதெல்லாம் வேடிக்கை. தன் பிள்ளைகள் எல்லாம் இந்தக் கரையில்தான் வளர்ந்தார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "ஏம்புள்ள, ஆத்துச் சத்தத்துலயே பொறந்தவ நீ. நீயே இப்பிடி நடுங்குனா பையன் என்னத்தக் கத்துக்குவான்?" என்றார்.

அதுதான் உறைத்தது. தண்ணீர் வருவதை அவனே பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். மேல்பக்கத்து வயலிலிருந்து கணவர் போன் செய்ததும் அத்தையும் நானும் மகனும் சரிவின் உச்சியில் போய் நின்றோம். அவன் கை என் பிடியில் சிவந்திருந்தது.

பெரிய இரைச்சலோடு வரும் என்று நினைத்திருந்தேன். அது நடந்துதான் வந்தது. நுரையும் சருகுமாக ஒரு நாக்கு மணலை முகர்ந்துகொண்டே வந்து, ஒரு குழியில் நின்று நிரம்பி, பிறகு பக்கத்துக் குழிக்கு நகர்ந்தது. அதற்கு முன்னால் ஓணான்கள் ஓடின.

"அதுக்கு வழி தெரியலியா?" என்று கேட்டான்.

"மறந்துபோயிருக்கும்" என்றேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த தண்ணீர் முன்னதைத் தள்ளியது. ஆற்றின் நிறம் மாறியது. கிரிக்கெட் ஸ்டம்புக்கு நட்டிருந்த குச்சிகள் சாய்ந்து மிதந்து போயின. அவை கண்ணுக்கு மறையும்வரை அவன் எட்டி எட்டிப் பார்த்தான்.

"அம்மா, ஆறு நனஞ்சுபோச்சு" என்றான் கடைசியில்.

அத்தை சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு என்றாலே தண்ணீர்தான் கண்ணா என்று திருத்த நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன், "எப்பக் காயும்?" என்றான். நான் அணையிலிருந்து ஆரம்பித்தேன். அத்தை குறுக்கிட்டார்.

"மாசியில காஞ்சுருஞ் சாமி. ஈரமா இருக்கறப்ப எறங்கக் கூடாது. வழுக்கிரும்."

சரி என்று தலையாட்டினான். குளியலறைத் தரைக்கும் வீட்டில் அதே சட்டம்தான்.

மறுநாள் காலை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலியோரத்திலிருந்து குரல் வந்தது. "அம்மா, ஆறு ஈரமா, காஞ்சிருக்கா?"

"ஈரம்டா."

கொஞ்சம் முனகிவிட்டுத் திரும்பி வந்தான். திருத்தாமல் விட்டது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. அங்கன்வாடி டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும். துணியை அப்படியே போட்டுவிட்டு, வேலி அடைப்பை மட்டும் இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கப் போனேன்.