கல்லறை வாசல்வரை

வட இங்கிலாந்தில் கான்செட் ஊர்க்காரர்களிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. உயிரே போனாலும் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டார்கள். காலை மிதித்தவனிடம் இவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள். டோரீன் ஹெஸ்லப் அவர்களிலும் ஒரு படி மேல். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்துப் பரிமாறியவள், ஒரு பிள்ளையைக்கூட அதட்டியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய படைவீரர் சங்கத்தில் சேர்ந்து கிழவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், கோட்டில் பதக்கங்களைக் குத்திவிட்டாள்.

இரண்டாம் உலகப் போரின் நார்மண்டிச் சண்டை நடந்து எண்பதாவது வருஷம் வந்தபோது, மிச்சமிருந்த வீரர்களைச் சங்கம் பிரான்சுக்குக் கூட்டிப் போனது. அதில் வில்ஃப் ரெட்ஷாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டோரீனுக்கு. சுரங்கத்தில் உழைத்து உரமேறிய உடம்பு, நூறை நெருங்கியும் காது கூர்மை. கண்தான் போய்விட்டது. எதைப் பார்த்தாலும் ஒரே புகைமூட்டம். தட்டில் எது இறைச்சி, எது கேரட் என்று டோரீன்தான் சொல்ல வேண்டும்.

கப்பலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வில்ஃப் கேட்டார்.

"நான் எதுக்கு வர்றேன்னு தெரியுமா கண்ணு?"

"எதுக்கு? பிரெஞ்சுக்காரிங்க முத்தம் குடுப்பாங்கன்னா?"

"குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்? அது இல்ல. ராய்க்காக."

ராய் ஸ்டோபார்ட் அவருடைய தெருக்காரன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே சுரங்கம், ஒரே பட்டாளம். இருவரும் ஒன்றாகத்தான் அந்தக் கடற்கரையில் இறங்கினார்கள். சில நாட்களில், ஓர் ஆப்பிள் தோப்பு ஓரத்தில், ராய் விழுந்தான். அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

"அவங்க அம்மா என்னைத் தெருவுல பார்க்கிறப்பல்லாம், 'எங்க ராயைப் பார்த்துட்டு வந்தியா வில்ஃப்?'ம்பாங்க. 'அடுத்த வருஷம் போறேன், மிஸஸ் ஸ்டோபார்ட்'ம்பேன். சாகுறவரைக்கும் கேட்டாங்க. நானும் அவங்க சாகுறவரைக்கும் அதையேதான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் போகலை?"

"வருஷா வருஷம் சங்கத்து பஸ்ஸுல இடம் கொஞ்சம்தான். கால் போனவன், அண்ணன் தம்பியப் பறிகொடுத்தவன், அவனுங்கல்லாம் மொதல்ல போகட்டும்னு விட்டேன். விட்டு விட்டு இப்படி ஆயிருச்சு." கோப்பையைத் தடவிக் கீழே வைத்தார். "கல்லு மேல கைய வச்சு, 'வந்துட்டேன்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் கண்ணு."

"கூட்டிட்டுப் போறேன். சத்தியமாக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் டோரீன்.

முதலில் பெரிய விழா, பிறகு சாப்பாடு, பிறகு ராய் இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டம், சாயங்காலம் கப்பல் என்றுதான் ஏற்பாடு. ஆனால் விழா என்றால் பெரிய மனிதர்கள் வர வேண்டுமே! வர வேண்டியவர்கள் வந்தபாடில்லை. சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி, முழங்காலில் கம்பளி போர்த்தி, வெயிலில் காய வைத்தார்கள். சண்டை போட்டவர்கள் காத்துக் கிடந்தார்கள், சண்டையைப் படத்தில் பார்த்தவர்கள் சாவகாசமாக வந்து இறங்கினார்கள். அப்புறம் பேச்சு, பேச்சுக்குமேல் பேச்சு. விழா முடியும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்று காவலுக்கு நின்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இவரை மட்டும் முன்னால் அனுப்பிவிடுங்கள் என்று கேட்கலாம் என டோரீன் எழுந்தாள். எல்லாரும் உட்கார்ந்திருக்க நமக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று தோன்றியது. உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"அவசரமில்ல கண்ணு. ராய் எங்கயும் ஓடிப் போயிற மாட்டான்" என்று வில்ஃப் சிரித்தார். ஆனால் அவர் கை, ராயின் கல்லடியில் ஊன்றுவதற்காகக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்த சின்ன மரச் சிலுவையை விடவே இல்லை.

விழா முடிந்தால் சாலையெல்லாம் அடைப்பு. பெரிய மனிதர்களின் கார்கள் போன பிறகுதான் பஸ்ஸுக்கு வழி. ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்ததும், டிரைவர் கோலின் மைக்கில் சொன்னான்: "மன்னிச்சுக்குங்க, இனிமே எங்கயும் நிறுத்த நேரமில்ல. நேரா கப்பல்தான்."

டோரீன் எழுந்து நின்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது.

"கோலின்! வண்டியத் திருப்பு! இந்த மனுஷன் எதுக்கு வந்தாரோ அது நடக்காம ஒருத்தரும் கப்பல் ஏறப் போறதில்ல!"

கோலின் வண்டியைத் திருப்பினான்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் பஸ் போய் நின்றது. வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக, அடியில் ரோஜா, அப்பால் தோப்பு. வில்ஃபை நாற்காலியோடு இறக்கி, உள்ளே தள்ளிப் போய், திரும்ப ஏற்றியாக வேண்டும். கோலின் கடிகாரத்தைப் பார்த்தான். பின் சீட்டில் ஒருவர் சிறுநீரை அடக்கிக்கொண்டு நெளிந்தார். இன்னொருவருக்கு மூச்சு இரைத்தது. ஆனால் யாரும் ஒரு வார்த்தை முனகவில்லை. பாவிகள், யாராவது முனகியிருந்தால் டோரீன் சண்டைக்காவது போயிருப்பாள்!

வில்ஃப் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இங்கிருந்தே தெரியுது கண்ணு. அதோ, கடைசி வரிசைல. பார்த்துட்டேன். போதும், இவங்களைக் காக்க வைக்க வேண்டாம்."

முன் சீட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். பலருக்குக் கண் கலங்கியது.

அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பது டோரீனுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் அவள் முகமே தெரியாத மனிதருக்குக் கடைசி வரிசைக் கல்லா தெரியும்? 'பொய் சொல்லாதீங்க, எழுந்திரிங்க' என்று நாக்கு நுனிவரை வந்தது. பஸ் முழுக்க அவளையே பார்த்தது. இருந்த தைரியமெல்லாம் அந்த ஒரு சத்தத்திலேயே தீர்ந்துபோயிருந்தது.

"எடு, கோலின்" என்றாள்.

கப்பலில் வில்ஃப் அவள் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். "யாருக்கும் தொந்தரவில்லாம முடிஞ்சுது. உன்னை நல்லா வளர்த்திருக்காங்க கண்ணு." செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. சிலுவை அவர் பையிலேயே ஊருக்குத் திரும்பியது.

அடுத்த வருஷம் கட்டாயம் தனியாகக் கூட்டிப் போவது என்று டோரீன் முடிவு செய்திருந்தாள். நவம்பரில் வில்ஃப் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து சங்கக் கூடத்தில் டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். வில்ஃபின் மகள் மேவிஸ் கோப்பையோடு டோரீனிடம் வந்தாள்.

"அப்பா ராயைப் பார்த்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அவருக்கு ஏதுங்க பார்வை? கிட்டப் போய்த் தொட்டிருப்பாரு. தொட்டாரா?"

ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. டோரீனால் முடியவில்லை.

"இல்லம்மா. வாசலோட திரும்பிட்டோம். அவருக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வண்டிய எடுக்கச் சொன்னது நான்தான்."

மேவிஸின் முகம் வெளுத்து, உதடு இறுகியது. திட்டட்டும், இத்தனை பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கட்டும் என்று டோரீன் தலை குனிந்து நின்றாள். அதற்காகத்தான் இத்தனை மாதமாகக் காத்திருந்ததுபோல இருந்தது.

மேவிஸ் டோரீனின் தோளைத் தொட்டாள்.

"பரவாயில்ல, விடுங்க. நீங்கதான் என்ன பண்ணுவீங்க. டீ ஆறுது பாருங்க, குடிங்க."

டோரீன் நன்றி சொல்லிவிட்டுக் குடித்தாள்.